கொழும்புக்குப் போனால் ஓர் இரவு கூடத் தங்குங்கள்



ஏப்ரல் பிறந்துவிட்டால் நுவரெலியாவில் சீசன். கொழும்பிலிருந்து சாச்சி, மாமா, மச்சான்மார், அவர்களின் பிள்ளைகள் என்று வீடு நிறைந்துவிடும். மெத்தை விரித்து, கம்பளி எடுத்துக் கொடுத்து, காலையில் ரொட்டி, இரவில் கோழி ஆணம் என்று அந்த மாதம் நமக்கு அடுப்படியிலேயே கழிந்து போகும். விருந்தினரை உபசரிப்பது நமக்குச் சந்தோஷம்தான். அதில் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் கடைசியாகக் கொழும்புக்கு இறங்கியது எப்போது? எதற்காக?

ஆஸ்பத்திரிக்காக இருக்கும். இல்லையென்றால் பாஸ்போர்ட் வேலையாக இருக்கும். அதுவும் இல்லையென்றால் வெளிநாடு போகும் மகனை வழியனுப்பக் கட்டுநாயக்க வரை போயிருப்பீர்கள். விடியுமுன் பஸ் ஏறி, வேலை முடிந்ததும் அடுத்த பஸ்ஸில் மலையேறியிருப்பீர்கள். கடைக்குச் சரக்கெடுக்க நம் வீட்டு ஆண்கள் மாதந்தோறும் புறக்கோட்டைக்குப் போய் வருகிறார்கள். அவர்களுக்குக் கொழும்பு கைரேகை மாதிரித் தெரியும். நமக்கோ கிளினிக்கின் வாங்கு மட்டும்தான் தெரியும்.

என் மாமியும் அப்படித்தான். ஹட்டனிலேயே பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். எட்டு வருடம் கொழும்புக்குக் கிளினிக் போய் வந்தவர். கண்ணில் வெள்ளை படர்ந்ததை எடுத்த பிறகு, கட்டவிழ்த்துக் காட்டிவர அவரோடு நான் போனேன். வேலை பகலிலேயே முடிந்துவிட்டது. “மாமி, இன்றைக்குப் போக வேண்டாம், நாளைக்குப் போவோம்” என்று முச்சக்கரவண்டி பிடித்துக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப் போனேன். கால் மணி நேர ஓட்டம்தான். அறுபத்து நான்கு வயதில் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இவ்வளவு கிட்டவா இருந்திச்சு?” என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், அடுத்த முறை வேலையாகப் போகும்போது ஓர் இரவு கூடத் தங்கிவிட்டு வாருங்கள்.

எங்கே தங்குவது? சொந்தக்காரர் வீடு இருந்தால் நல்லது. ஆனால் கொழும்பு வீடுகள் சின்னவை. முன்கூட்டியே சொல்லாமல் ஐந்து பேர் போய் இறங்கினால் யாருக்கும் நிம்மதி இருக்காது. கோட்டை ரயில் நிலையத்தையும் புறக்கோட்டையையும் சுற்றியுள்ள லொட்ஜுகள் மலிவு. சரக்கெடுக்கப் போகும் ஆண்களுக்கு அவை போதும். பெண் பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு அந்த இரைச்சலும் நெரிசலும் சரிவராது. என் மனதுக்குப் பிடித்தது வெள்ளவத்தைதான். வாடகை அறைகள் நிறைய உண்டு, கடையிலும் தெருவிலும் தமிழ் பேசலாம், ஹலால் சாப்பாட்டுக்கு அலைய வேண்டியதில்லை, கடல் கூப்பிடு தூரத்தில். ஆனால் கடலுக்கும் தெருவுக்கும் நடுவே ரயில் பாதை ஓடுகிறது. பிள்ளைகளின் கையை விடாதீர்கள். தண்டவாளத்தில் நின்று படமெடுக்கும் பைத்தியக்காரத்தனம் வேண்டவே வேண்டாம்.

அறையைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கதவின் உள்தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா, குளியலறை தனியாக உண்டா, வயதானவர் ஏற வேண்டிய படிகள் எத்தனை என்று கேளுங்கள். அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்கட்டும். நமக்குப் பழக்கமில்லாதது கொழும்பின் வெக்கை. மின்விசிறி ஓடாத அறையில் மலைநாட்டார் ஓர் இரவும் உறங்க முடியாது. பருத்தி உடுப்பும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அடிக்கடி குடியுங்கள். தாகம் தெரியாமலே தலை சுற்றிவிடும்.

பயணி என்ற முறையில் கஸ்ரும் ஜம்உம் இருக்கும்போது தொழுகைக்காகப் பரபரக்க வேண்டியதில்லை. எல்லாப் பள்ளிவாசல்களிலும் பெண்களுக்கு இடம் இராது. ஆகையால் அறையிலேயே ளுஹரையும் அஸரையும் தொழுதுவிட்டுக் கிளம்புவது நிம்மதி.

பின்னேரத்தைக் காலிமுகத்திடலுக்கு வையுங்கள். அங்கே ஒரு பழைய நினைவுக்கல் இருக்கிறது. சேர் ஹென்றி வார்ட் என்ற ஆங்கிலேய ஆளுநர் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை இது. இதைக் கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் பேணிக் காக்கும்படி தமக்குப் பின்வரும் ஆளுநர்களுக்கு அவர் விட்ட வேண்டுகோளைத்தான் அதில் பொறித்திருக்கிறார்கள். அவர் மனதில் இருந்தது அக்காலத்து வெள்ளைக்காரச் சீமாட்டிகளாக இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். கல்லில் எழுதியிருப்பது பெண்கள் என்றுதான்! 2022 ரமழானில் போராட்டத்துக்குக் கூடியிருந்தவர்கள், மதம் பாராமல் ஒன்றாக உட்கார்ந்து நோன்பு திறந்ததும் இந்தத் திடலில்தான். இறால் வடை வாங்கிக்கொண்டு மஃரிபுக்கு முன் சூரியன் இறங்குவதைப் பாருங்கள். கடலில் மட்டும் இறங்காதீர்கள். இழுவை அதிகம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் அலை சுவர் தாண்டித் தெறிக்கும்.

அடிவானத்தில் நிற்கும் கப்பல்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நம் வீட்டு ஜன்னலில் தெரிகிற தேயிலை உலகத்துக்குப் புறப்படுவது இங்கிருந்துதான். கொழும்பில் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. ரயில் 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. நாம் ஏறி இறங்குவதற்காகவா போட்டார்கள்? தோட்டத்து விளைச்சலைத் துறைமுகத்துக்கு இறக்கப் போட்ட பாதை அது.

மறுநாள் காலை தேசிய நூதனசாலை. 1877இல் திறந்த இந்தக் கட்டடத்தை எழுப்பிய ஒப்பந்தக்காரர் நம்மவர், வாப்பிச்சி மரிக்கார். என்ன சன்மானம் வேண்டும் என்று ஆளுநர் கேட்க, வெள்ளிக்கிழமைகளில் இதை மூடி வையுங்கள், அது போதும் என்றாராம். நெடுங்காலம் அப்படியே மூடியும் வைத்தார்கள். உள்ளே கண்டி அரசரின் சிம்மாசனமும் கிரீடமும் இருக்கின்றன. ஆங்கிலேயர் கொண்டுபோய் 1934இல் திருப்பிக் கொடுத்தவை. மலைநாட்டுப் பொருளைப் பார்க்கக் கொழும்புக்கு வரவேண்டியிருக்கிறது!

சாமான் வாங்கப் புறக்கோட்டை. துணிக்குக் கெய்சர் வீதி, நகைக்குச் செட்டியார் தெரு. காலை நேரத்தோடு போய்விடுங்கள். பதினொரு மணிக்குப் பிறகு மூச்சுவிட இடமிராது. கைப்பையை முன்பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் 1909இல் கட்டி முடிந்தது. கட்டடக் கலையை முறையாகப் படிக்காத ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை என்பவர் அமைத்தது. எதிர்ப்பக்கத்தில் நின்று நிமிர்ந்து பாருங்கள்.

பிள்ளைகளுக்குச் செலவில்லாத சந்தோஷம் ஒன்று வேண்டுமா? கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்குக் கடலோர ரயிலில் போங்கள். வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். கொள்ளுப்பிட்டி வந்தால் கடல் பக்கத்திலேயே ஓடிவரும். அலுவலகக் கூட்டம் ஏறும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஊரிலிருந்து ரயிலில் வர நினைப்பவர்கள் நிலையத்தில் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டு ரயில் பாதையைப் பல இடங்களில் சிதைத்துவிட்டது. பஸ் என்றால் அவிசாவளை வழி. வளைவுகளில் குமட்டும், ஒரு தேசிக்காய் கையில் இருக்கட்டும்.

திரும்பும்போது கருவாடும் துணியும் பையின் அடியில் போகட்டும். சுவெட்டரை மேலே வையுங்கள். கினிகத்தேனை தாண்டியதும் பிள்ளைகள் குளிருது என்பார்கள்.