நாய் வயிற்றில் தங்காத விருந்தாளிகள்

கழிச்சல் கண்ட நாய்க்குக் குழைய வடித்த சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்து வைப்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். அந்தத் தயிர்க் கிண்ணத்தின் இடத்துக்கு இப்போது சாஷேக்கள் வந்துவிட்டன. ஒரு கிராம் பொடி, அதற்குள் பத்துக் கோடி பாக்டீரியா. அட்டையைத் திருப்பிப் படித்தால் வாக்குறுதி செரிமானத்தோடு நிற்பதில்லை: பளபளக்கும் முடி, அரிப்பில்லாத தோல், நோய் எதிர்ப்புச் சக்தி, தீபாவளி வெடிக்கும் நடுங்காத மனசு. ஒரு சிட்டிகைப் பொடி இத்தனையும் செய்யுமா என்று சந்தேகப்படுவது நியாயம்தான். அதற்காக எல்லாமே வியாபாரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வந்த ஆய்வுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது இது: குடலுக்கான துணைப்பொருள்களால் நாய்க்கு உண்மையிலேயே உதவி உண்டு. ஆனால் டானிக் மாதிரி வருஷம் முழுக்க ஊற்றிக்கொண்டிருந்தால் அது கிடைக்காது. இன்ன கோளாறுக்கு, இன்ன ரகம், இத்தனை நாள் என்று கணக்கு வைத்துக் கொடுக்க வேண்டும்.

ஓநாய் வம்சத்துக்கு இறைச்சிதானே உணவு, சோறும் நாரும் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட மரபணு ஒப்பீட்டில் அதற்குப் பதில் இருக்கிறது. மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள்தான். நாய்களிடம் 4 முதல் 30 வரை. மனிதன் போட்டதைத் தின்று தின்று நாயின் உடம்பே மாறியிருக்கிறது. உள்ளே குடியிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டமும் மனிதச் சாயல் கொண்டதுதான். 64 நாய்களின் குடல் பாக்டீரிய மரபணுக்களைப் பட்டியலிட்டு 2018-இல் வெளியான ஆய்வில், அவை எலி, பன்றி ஆகியவற்றினுடையதைவிட மனிதனுடையதற்கே நெருக்கமாக இருந்தன. நெருக்கம் என்றால் ஒன்று என்று அர்த்தமில்லை. ஃபியூசோபாக்டீரியம் என்றொரு பாக்டீரியா உண்டு. மனிதர்களிடம் பெருங்குடல் புற்றுநோயோடு சேர்த்துப் பேசப்படும் பெயர் அது. நாயிடமோ அது தாராளமாக இருந்தால்தான் குடல் நன்றாக இருக்கிறது என்று பொருள். குடல் நோய் வந்தால் குறைந்துபோவதும் அதுதான். தனக்கு எழுதிக்கொடுத்த கேப்சூலைப் பாதி நாய்க்குக் கொடுக்கலாமா என்று யோசிப்பவர்கள் இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

குடலில் இருப்பவர்கள் செய்யும் வேலைகளில் ஒன்றை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கொழுப்பைக் கரைக்கக் கல்லீரல் பித்தநீரை அனுப்புகிறது. அதிலுள்ள பித்த அமிலங்களில் பெரும்பங்கு சிறுகுடலின் கடைசியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பிவிடும். தப்பிப் பெருங்குடலில் இறங்கும் மிச்சத்தை அங்கே ஒரு பாக்டீரியா வேறு வகை அமிலமாக மாற்றுகிறது. கிளாஸ்ட்ரிடியம் ஹிரனோனிஸ் என்பது அதன் பழைய பெயர். இப்போது பெப்டசெட்டோபாக்டர் ஹிரனோனிஸ் என்கிறார்கள். நாயின் குடலில் இந்த வேலைக்கு ஏறக்குறைய இது ஒன்றுதான் ஆள். இது அழிந்தால் மாற்றப்படாத அமிலம் பெருங்குடலில் தேங்கும், குடல்சுவர் தண்ணீரை உள்ளே விடும், மலம் இளகும். மாற்றப்பட்ட அமிலம்தான் தீங்கு செய்யும் சில கிளாஸ்ட்ரிடியங்களைத் தலையெடுக்கவிடாமல் வைத்திருந்தது. அந்தக் காவலும் போய்விடும். அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகக் குடல் ஆய்வகம் உருவாக்கிய ‘டிஸ்பயோசிஸ் குறியீடு’ ஏழு பாக்டீரியக் குழுக்களை அளந்து, குடல் சமநிலை குலைந்திருக்கிறதா என்று சொல்கிறது. அந்த ஏழில் இதுவும் உண்டு.

இதை அழிப்பது எது? பல நேரங்களில் நாம்தான். பேதி என்றதும் எழுதப்படும் மெட்ரோனிடசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை, எந்த நோயும் இல்லாத நாய்களுக்கு 14 நாள் கொடுத்து அதே ஆய்வகம் 2020-இல் ஒரு சோதனையை வெளியிட்டது. குடல் பாக்டீரியாக்களின் கூட்டமைப்பு சரிந்தது. பித்த அமில மாற்றம் தடைப்பட்டது. மருந்தை நிறுத்தி நான்கு வாரம் ஆன பிறகும் சில நாய்கள் பழைய நிலைக்கு வரவில்லை. இங்கேதான் சாஷே வியாபாரம் நுழைகிறது: போனதைத் திரும்ப நிரப்புவோம் என்கிறது. சங்கடம் என்னவென்றால் போன ஆள் சாஷேக்குள் இல்லை. ஹிரனோனிஸ் காற்று பட்டால் தாங்காத உயிர், பொடியாக்கிப் பாக்கெட்டில் அடைப்பது எளிதல்ல. பாக்கெட்டில் இருப்பவை என்டரோகாக்கஸ், லாக்டோபேசிலஸ், பிஃபிடோபாக்டீரியம், பேசிலஸ் போன்றவை. இவையும் நாயின் குடலில் நிரந்தரமாகக் குடியேறுவதில்லை. கொடுப்பதை நிறுத்திய சில நாள்களிலோ வாரங்களிலோ மலத்தில் தேடினாலும் கிடைப்பதில்லை. விருந்தாளிகள். ஆனால் விருந்தாளி சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. லாக்டிக் அமிலம் சுரந்து சூழலைப் புளிப்பாக்கும், தீய கிருமிக்கு இடமும் தீனியும் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளும், குடல்சுவரில் உள்ள எதிர்ப்புச் செல்களைத் தட்டியெழுப்பும். வீட்டுக்காரர் திரும்பி வரும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த வேலைக்கு எவ்வளவு மதிப்பு? நார்வேயில் திடீர்க் கழிச்சல் கண்ட 36 நாய்களில் ஒரு பிரிவுக்குப் புரோபயாட்டிக் எனப்படும் இத்தகைய பாக்டீரியாக் கலவையும் மறு பிரிவுக்கு வெற்றுப்பொருளும் கொடுத்து 2010-இல் வெளியிட்ட சோதனையில், கலவை பெற்றவை சராசரியாக 1.3 நாளில் சரியாயின, மற்றவை 2.2 நாளில். அமெரிக்காவில் 2019-இல் வெளியான 60 நாய்களின் சோதனையில் புரோபயாட்டிக் குழுவுக்கு 3.5 நாள், மெட்ரோனிடசோல் குழுவுக்கு 4.6 நாள், வெற்றுப்பொருள் குழுவுக்கு 4.8 நாள், இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று புள்ளியியல் சொன்னது. அதே ஆண்டு டென்மார்க்கிலிருந்து 17 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள், புரோபயாட்டிக்கின் பலன் சிறிது, நடைமுறையில் பொருட்படுத்தத் தக்கதா என்பதே ஐயம் என்று எழுதினார்கள். எதிர்த்தரப்பு காட்டும் வலுவான சான்று இதுதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 60 நாய்ச் சோதனையின் எண்களை இன்னொரு முறை பாருங்கள். நுண்ணுயிர்க்கொல்லிக்கும் வெற்றுப்பொருளுக்கும் இடையில் ஐந்து மணி நேரம்தான். சாதாரணக் கழிச்சல் எப்படியும் தானே அடங்கும். அந்த நான்கைந்து நாளில் பரிதவிக்கும் நாய்க்காரர் எதையாவது கொடுத்தே தீருவார் என்றால், குடல் பாக்டீரியாக்களைக் கூண்டோடு அழிக்கும் மாத்திரையைவிட, பலன் கொஞ்சமாக இருந்தாலும் கெடுதல் செய்யாத பொடி மேல். புரோபயாட்டிக்கின் முதல் நன்மை, அது தேவையில்லாத மெட்ரோனிடசோலின் இடத்தைப் பிடித்துக்கொள்வது என்றுகூடச் சொல்வேன்.

பல ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததற்கு இன்னொரு காரணம், எல்லாவற்றையும் ‘புரோபயாட்டிக்’ என்ற ஒரே சாக்கில் கட்டுவது. பொன்னியும் நெல், ஐ.ஆர்.20-ம் நெல், விதைக்கப்போகிறவர் எந்த ரகம் என்று கேட்காமல் வாங்குவாரா? என்டரோகாக்கஸ் ஃபீசியம் என்ற ஒரே இனத்தில் எஸ்.எஃப்.68 என்ற ரகம் நாய்களில் சோதிக்கப்பட்டது. அதே இனத்தின் வேறு சில ரகங்கள் மருத்துவமனைகளில் மருந்துக்கு அடங்காத தொற்றாகத் திரிகின்றன. அட்டையில் இனப் பெயர் மட்டும் போட்டு ரகத்தின் பெயரோ எண்ணோ போடாதது பாதி முகவரி எழுதிய கடிதம். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் விலங்குகளுக்கான 25 புரோபயாட்டிக் பொருள்களை வாங்கிச் சோதித்து 2011-இல் வெளியிட்ட முடிவு நினைவில் வைக்கத் தக்கது: ஒழுங்கான விவரச்சீட்டும், சீட்டில் சொன்ன அளவு உயிருள்ள பாக்டீரியாவும் இரண்டும் சேர்ந்து இருந்தவை வெறும் 2. நம் ஊர் வெயிலையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் தகரக் கூரைக் கிடங்கில் கிடந்த பாக்கெட்டில் எத்தனை உயிர் மிஞ்சும்? பேசிலஸ் வகைகள் விதைபோல் உறைக்குள் சுருண்டு வெப்பத்தைத் தாங்கும். லாக்டோபேசிலஸுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. நாய் அந்தப் பொடியை ஆசையாக நக்குகிறதே என்று நம்பிவிடவும் வேண்டாம். பல பொடிகளில் அந்த ஆசைக்குக் காரணம், சுவைக்காகச் சேர்த்த இறைச்சிச் சாறு.

விருந்தாளிகளை வரவழைப்பதைவிடக் குடியிருப்பவர்களுக்குச் சாப்பாடு போடுவது சுலபம், மலிவும்கூட. அதுதான் பிரீபயாட்டிக்: நாயால் செரிக்க முடியாத, பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்துத் தின்னும் நார். அப்படிப் புளிக்கும்போது வெளிவரும் பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலம்தான் பெருங்குடல்சுவர்ச் செல்களுக்கு முக்கிய எரிபொருள். நார் வகைகளில் இசப்கோலுக்குத் தனி இடம். குஜராத்தில் விளைந்து நம் மளிகைக் கடையில் மலச்சிக்கலுக்காக விற்கும் அதே உமிதான். 2000-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், காரணம் பிடிபடாத நாள்பட்ட பெருங்குடல் கழிச்சலால் அவதிப்பட்ட 37 நாய்களுக்கு எளிதில் செரிக்கும் உணவோடு இந்த உமியைச் சேர்த்தபோது பெரும்பாலானவை நன்கு தேறின. மலச்சிக்கலுக்குக் கொடுப்பது கழிச்சலுக்கு எப்படி உதவும் என்று கேட்கலாம். உமி தண்ணீரை இழுத்துப் பசையாகிறது. வறண்ட மலத்தில் அந்தப் பசை ஈரம் சேர்க்கும்; நீர்த்த மலத்தில் உபரி நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நன்றாக ஊறவைத்துக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். உலர்ந்த உமியை அப்படியே தூவினால் தொண்டையிலேயே உப்பிக்கொள்ளும். ஆனாலும் எந்தக் கடைக்காரரும் நாயின் நலத்துக்கு இசப்கோலைப் பரிந்துரைப்பதில்லை, லாபம் எங்கே இருக்கிறது!

சரி, முடியும் தோலும் மனசும்? குடல் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பெரிய பாசறை என்பதால் தொடர்பு கற்பனையல்ல. எஸ்.எஃப்.68 கொடுத்து வளர்த்த நாய்க்குட்டிகளுக்கு டிஸ்டெம்பர் தடுப்பூசி போட்டபோது எதிர்ப்பொருள் அளவு கூடுதலாக இருந்ததை 2003-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் குட்டிகள் மொத்தமே பதினான்கு, ஆய்வு நடத்தியதும் உணவு நிறுவனம். ஒவ்வாமைத் தோல்நோய்க்கு வாய்ப்புள்ள பீகிள் குட்டிகளுக்கு லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் கொடுத்த சோதனையில் ரத்தத்தில் ஒவ்வாமை அடையாளங்கள் குறைந்தன, அந்தக் காலகட்டத்தில் அரிப்பும் சிவப்பும் தெளிவாகக் குறையவில்லை. பதற்றத்துக்கான பிஃபிடோபாக்டீரியம் சான்றும் முக்கியமாக அதை விற்பவர்களிடமிருந்தே வருகிறது. வழி இருக்கிறது, ஊர் இன்னும் தூரம். இதற்கிடையில் நம் கண்ணும் நம்மை ஏமாற்றும். மூட்டுவாத நாய்களுக்கு வெற்று மாத்திரை கொடுத்த ஒரு சோதனையில், நொண்டல் குறைந்துவிட்டதாகப் பாதிக்கும் மேற்பட்ட தருணங்களில் உரிமையாளர்கள் சொன்னார்கள். தரையில் காலின் அழுத்தத்தை அளந்த கருவியோ மாற்றம் எதையும் காட்டவில்லை. முடி பளபளப்பையோ நாம் வெறும் கண்ணால்தான் அளக்கிறோம்.

அப்படியானால் தயிரே போதாதா? ஒரு கரண்டித் தயிர் பெரும்பாலான நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும். புளிக்கும்போதே பால்சர்க்கரையில் ஒரு பகுதி தீர்ந்துவிடுவதால் பாலைவிட மேல். ஆனால் அதிலிருப்பவை பாலில் வளரப் பழகிய பாக்டீரியாக்கள், எத்தனை, எந்த ரகம் என்ற கணக்கும் இல்லை. தயிர் உணவு, அவ்வளவே. வெங்காயம் தாளித்த தயிர்சாதமோ, விசேஷ வீட்டில் மிஞ்சிய, திராட்சை போட்ட தயிர்சாதமோ வேண்டவே வேண்டாம். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். மனிதர்களுக்கான இனிப்பு மாத்திரைகளில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் நாயின் ரத்தச் சர்க்கரை திடீரென வீழ்ந்து உயிருக்கே ஆபத்து. ‘கொடுத்தால் கெடுதல் இல்லையே’ என்ற வாதத்தின் பெரிய ஓட்டை இதைவிட வேறிடத்தில் இருக்கிறது. தடுப்பூசி போடாத குட்டி வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாகக் கிடக்கும்போது அது பார்வோ வைரஸாக இருக்கலாம். அங்கே சாஷேயைக் கிழித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் குளுக்கோஸ் ஏற்றாமல் இழந்த நேரம். கொக்கிப்புழு, கணைய நோய் எல்லாம் இதே இளகிய மலத்தின் பின்னால் ஒளிந்திருப்பவை. வாரக்கணக்கில் நீளும் கழிச்சலிலோ பல நாய்களுக்கு உணவை மாற்றியதுமே குணம் தெரிந்துவிடுகிறது. பாக்டீரியாவைக் கொடுக்கச் சாஷே மட்டுமே வழியல்ல: பார்வோ வந்த 66 குட்டிகளில் ஒரு பிரிவுக்கு ஆரோக்கியமான நாயின் மலத்தையே கரைத்துக் குடலில் செலுத்திய பிரேசில் ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு அதையும் பெற்றுப் பிழைத்த குட்டிகளுக்குக் கழிச்சல் சீக்கிரம் நின்றது. ஒரு ரகத்தை அனுப்பாமல் ஊரையே பெயர்த்துக் கொண்டுபோய்க் குடியேற்றும் முயற்சி அது. ஹிரனோனிஸும் அந்தக் கூட்டத்தோடு போய்ச் சேரும்.

பொடி பலிக்கிறதா என்று வீட்டிலேயே அளந்துபார்க்கலாம். கால்நடை மருத்துவர்கள் பலர் மலத்தை 1 முதல் 7 வரை எண் போட்டு அளக்கிறார்கள். 1 என்றால் ஆட்டுப் புழுக்கைபோல் உருண்டு காய்ந்தது. 7 என்றால் வெறும் தண்ணீர். எடுத்தால் உருக்குலையாமல் தரையில் லேசான ஈரத்தை மட்டும் விட்டுப்போகும் 2 சரியானது. பொடியைத் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே காலண்டர் தாளில் தினமும் அந்த எண்ணைக் குறித்துவரலாம். தொடங்கிய பின் மூன்று, நான்கு வாரம் குறிக்கலாம். அந்த நாள்களில் உணவை மாற்றக் கூடாது, மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. எண் அசையவில்லையென்றால் நிறுத்திவிட்டு, அந்தத் தாளோடு மருத்துவரிடம் போகலாம். அசைந்திருந்தாலும் ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும். பல நாய்களுக்கு நிறுத்திய பிறகும் அதே 2 தொடரும்.