கமரா எப்போது நகர வேண்டும்?

கண்டி எசல பெரஹராவைப் படம்பிடிக்கப் போகிறவருக்கு முதலில் வேண்டியது அசையாத ஒரு முக்காலி. சாட்டையடிப்போர், தீப்பந்தம் ஏந்துவோர், மேளகாரர், நடனக் கலைஞர், யானைகள் என்று வீதியே நகர்ந்துகொண்டிருக்கும் இரவு அது. கமராவும் சேர்ந்து அலைந்தால் பார்ப்பவரின் கண் எதைப் பற்றிக்கொள்ளும்? கமரா நின்றால், ஓர் ஓரத்தில் நுழையும் யானை மறு ஓரத்தால் வெளியேறும்வரை அதன் கனமும் நிதானமும் முழுதாகத் தெரியும். காட்சியிலேயே போதிய அசைவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கமராவில் கை வைக்க வேண்டும்.

1984இல் வெளிவந்த ஸ்பீல்பெர்க்கின் இந்தியானா ஜோன்ஸ் படத்தில் வரும் தொங்குபாலம், கண்டிப் பகுதியில் அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த விக்டோரியா அணைக்கு அருகே அமைக்கப்பட்டது. பாலத்தை ஒரே ஒரு தடவைதான் அறுத்து வீழ்த்த முடியும். அதனால் பல கமராக்களை வெவ்வேறு இடங்களில் நிறுத்தி அந்தக் கணத்தைப் பிடித்தார்கள். பாலமே விழும்போது கமரா துள்ள வேண்டியதில்லை.

நின்ற இடத்திலேயே கமராவைப் பக்கவாட்டில் திருப்புவது ‘பான்’. இதில் அவசரம்தான் எதிரி. வினாடிக்கு 24 அல்லது 25 படங்களே பதிவாவதால், வேகமாகத் திருப்பினால் தூண்களும் மரங்களும் விட்டுவிட்டுத் துள்ளும். ஒரு பொருள் திரையின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக ஏறத்தாழ 7 வினாடி கொடுப்பது ஒளிப்பதிவாளர்களின் பழைய கணக்கு. ஓடும் ஒருவரைப் பின்தொடரும்போது இந்தக் கணக்கு தளரும்; கண் அவர்மேலேயே இருப்பதால் பின்னணியின் துள்ளலைக் கவனிக்காது.

அசையாத இடங்களுக்குத்தான் கமராவின் நடை உயிர் கொடுக்கிறது. 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்த கண்டி வாவிக்கரையில், முக்கோணத் துளைகள் கொண்ட வெள்ளை மதில் இருக்கிறது. அதன் ஓரமாகக் கமராவைச் சீராக நகர்த்திப் பாருங்கள். அருகிலுள்ள துளைகள் விரைந்து பின்னே ஓடும். நடுவிலுள்ள தீவு மெல்ல விலகும். அப்பாலுள்ள மலைகள் நின்றபடியே இருக்கும். இந்த வேக வேறுபாட்டிலிருந்துதான் மூளை ஆழத்தைக் கணிக்கிறது. தட்டையான திரையில் கண்டியின் பள்ளத்தாக்கு விரிவது இப்படித்தான்.

இதை ‘சூம்’ தராது. நாலு மீற்றர் தூரத்தில் ஒருவர் நிற்கிறார். அவருக்குப் பின்னால், தொலைவில், பஹிரவகந்த புத்தர் சிலை. இரண்டு மீற்றர் முன்னே நடந்தால் மனிதர் திரையில் இரண்டு மடங்காவார், சிலை அப்படியே இருக்கும். இருமடங்கு சூம் செய்தாலோ இரண்டும் ஒன்றாகப் பெருக்கும். நடக்கும் கமரா ஒருவரிடம் நெருங்குகிறது. சூம் படத்தைப் பெரிதாக்குகிறது.

நடக்கும்போது வரும் ஆட்டத்தை அடக்க, 1970களில் கரெட் பிரவுன் ‘ஸ்டெடிகேம்’ கருவியை உருவாக்கினார். 1976இல் அது முதன்முதலாக ஒரு முழுநீளப் படத்தில் பயன்பட்டது. இன்று கலியாண வீடுகளில் காணும் ‘கிம்பல்’, கை சாய்வதை உணர்ந்து மோட்டார்களால் கமராவை மட்டமாக வைத்திருக்கிறது. ஆனால் காலடிக்குக் காலடி உடல் ஏறி இறங்குவதை அது முழுதாகத் தடுக்காது. முழங்காலைச் சற்று மடித்து, குதி முதல் விரல்வரை பாதத்தை மெதுவாகப் பதித்து நடக்கப் பழக வேண்டும்.

எந்தக் கருவியானாலும், நகர்வுக்குக் காட்சிக்குள்ளேயே காரணம் வேண்டும். தலதா மாளிகைக்கு அருகே பூக்கடையில் ஒருவர் தாமரைத் தட்டை வாங்குகிறார். தட்டைப் பெறும் கைகளில் சில வினாடி நில்லுங்கள். அவை நகரும்போது கூடவே போங்கள். மாளிகை முகப்பு தெரிந்ததும் நிறுத்தி, மறுபடி சில வினாடி பொறுங்கள். யார், எங்கே, எதற்காகப் போகிறார் என்பது ஒரு வார்த்தையும் இல்லாமல் விளங்கிவிடும். அப்படி ஒன்றைச் சொல்லாத நகர்வை எடிட்டிங் மேசையில் தயங்காமல் வெட்டிவிடலாம்.