எலும்பும் தோலும்: ஒரு வேஷம் கட்டுவது குறித்துச் சில குறிப்புகள்

மேடையில் எலும்புக்கூடு வந்தால் ஜனங்கள் ஏன் சிரிக்கிறார்கள்? வறட்சியைப் பற்றிய நாடகம் அது. கண்மாய் வற்றியது, மாட்டை விற்றது, குடும்பத்தோடு திருப்பூருக்குப் பஸ் ஏறியது எல்லாம் வந்துபோய், கடைசியில் ‘பஞ்சம்’ எலும்புக்கூடாக நுழைகிறது. கறுப்புப் பனியனில் வெள்ளைப் பெயின்ட் கோடுகள். கூட்டம் கொல்லென்று சிரிக்கிறது. பரளச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் இளைஞர்கள் போட்ட நாடகத்தில் இதைப் பார்த்தேன். பசியறிந்த கிழவிகளும் சிரித்தார்கள். ‘மக்களுக்குப் புரியவில்லை’ என்று தோழர்கள் இதைத் தள்ளிவிட முடியாது. கோளாறு வேஷத்தில் இருக்கிறது.

கறுப்புத் துணியில் வெள்ளை எலும்பு என்பது நமக்கு மேஜிக் ஷோவிலிருந்தும் பேய்ப் படத்திலிருந்தும் வந்த குறி. அதற்குப் பின்னால் ஐரோப்பாவின் ‘மரண நடனம்’ இருக்கிறது. கொள்ளைநோய்க்குப் பிந்திய நூற்றாண்டுகளில் ராஜாவையும் பாதிரியையும் பிச்சைக்காரனையும் ஒரே வரிசையில் கைபிடித்து இழுத்துப்போன எலும்புக்கூடு அது. மரணத்தின் முன் எல்லோரும் சமம் என்பதே அதன் கதையாடல். 1932இல் குர்ட் யோஸ் ‘பச்சை மேசை’ நடனத்தில் மரணத்துக்குப் போர்வீரனின் சாயலைக் கொடுத்து அந்தச் சமத்துவத்துக்குள் அரசியலை நுழைத்தார்.

ஆனால் பசியின் முன் யாரும் சமமில்லை. 1876-78இன் தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலை செய்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். மதராஸின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து வாதாட வேண்டியிருந்தது. விலா எலும்பு வெளியே தெரிவது இங்கே ஒரு நிர்வாக முடிவாக இருந்திருக்கிறது. நம் ஜனங்கள் பேச்சில் ‘எலும்புக்கூடு’ என்பது செத்தது; ‘எலும்பும் தோலுமா’ என்பது உயிரோடு இருப்பது. இந்த இரண்டு குறிகளையும் ஒன்றாக்கியதுதான் அந்த நாடகத்தின் சறுக்கல்.

காரைக்காலம்மையாரின் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். விலாவும் காறையெலும்பும் துருத்திக்கொண்டிருக்கும். ஆனால் மேலே தோல் இருக்கும், கையில் தாளம் இருக்கும். சதையை உதறியது அம்மையாரே கேட்டு வாங்கிய வரம். பஞ்சத்தில் மெலிந்தவருக்கு அப்படியொரு தேர்வு இல்லை. ஆக, மெலிவைக் காட்டினால் மட்டும் போதாது. யார் முடிவு செய்த மெலிவு என்ற கேள்வியும் மேடையில் இருக்க வேண்டும்.

இங்கே சிக்கலான இடத்துக்கு வருகிறோம். அந்த வேஷத்துக்கு யாரைப் போடுவது? சிரிப்பு விழுந்த மறுநாள் இளைஞர்களில் ஒருவர் காலனிப் பையன் ஒருவனைக் காட்டிச் சொன்னார்: “அவனுக்கு எதுக்குண்ணே மேக்கப்பு? சட்டையக் கழட்டுனாப் போதும்.” கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ‘யதார்த்தம்’ வேண்டும் என்றுதான் சொன்னார். மதராஸ் குதிரைப்படை அதிகாரி ஹூப்பரும் தாது வருஷத்தில் பட்டினி உடல்களைக் கூட்டமாக உட்காரவைத்துப் படம் எடுத்தார். படம் எடுத்தவர் சோறு கொடுத்தாரா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. பள்ளிக்கூட ஆய்வகத்து எலும்புக்கூடும் இப்படித்தான். 1985இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை உலகத்தின் மருத்துவக் கல்லூரிகளுக்கு எலும்புக்கூடுகள் பெருமளவில் கல்கத்தா வழியாகத்தான் போயின. அவை ஏழைகளின் பிணங்கள். அவற்றைச் சுத்தம் செய்த கைகளும் சாதியால் ஒதுக்கப்பட்ட கைகள். அடுத்தவன் உடலையே வேஷமாக்குவதை யதார்த்தம் என்று சொல்லக் கூடாது. வேஷம் என்பது உடலுக்கும் குறிக்கும் நடுவிலுள்ள இடைவெளி. அந்த இடைவெளியில்தான் அறம் இருக்கிறது. அதனால் நல்லாச் சாப்பிட்ட உடம்புதான் இந்த வேஷத்தைக் கட்ட வேண்டும், சிரமப்பட்டுக் கட்ட வேண்டும்.

இனி, கட்டுவது எப்படி?

கறுப்பு வேண்டாம். பழைய வேட்டியைக் கடுக்காய்த் தண்ணீரில் நனைத்து, துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் சாம்பல் ஓடிய பழுப்பு கிடைக்கும். அதுதான் தோல். உடம்போடு ஒட்டும் பனியன் மேல் துணித் திரிகளை விலா எலும்புகளாகத் தைத்து, அதற்கு மேல் இந்தத் துணியை இழுத்து மூடி, இரண்டு திரிகளுக்கு நடுவே நூலால் அமுக்கித் தைக்க வேண்டும். எலும்பு தெரியக் கூடாது, எலும்பு இருப்பது தெரிய வேண்டும்.

விலா எலும்பு பன்னிரண்டு ஜோடி. மேல் ஏழு ஜோடிதான் நேராக மார்பெலும்பில் சேரும். அடுத்த மூன்று ஒன்றோடொன்று குருத்தெலும்பால் இணையும். கடைசி இரண்டும் பக்கவாட்டிலேயே நின்றுவிடும். எல்லாம் முதுகிலிருந்து முன்னால் கீழ்நோக்கிச் சரிகின்றன. ஏணிப்படி மாதிரிப் படுக்கையாகப் போடுவதால்தான் பனியன் பொம்மையாகிவிடுகிறது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஆறேழு ஜோடி போதும். சரிவு தப்பக் கூடாது.

தொடையை மெலிய வைக்க முடியாது. முழங்காலைப் பெரிதாக்கலாம். முழங்காலிலும் முழங்கையிலும் துணி வைத்துக் கட்டினால் தொடையும் புஜமும் தானாக இளைத்துவிடும். விலாவுக்குக் கீழே வயிற்றில் கரி நிழல். சீமைக்கருவேல மூட்டத்துக் கரி இங்கே ஊருக்கு ஊர் கிடைக்கும்; நன்றாக இடித்துச் சலித்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்தால் போதும். வெள்ளைக்கு ஜிங்க் ஆக்சைடு பவுடர். சுண்ணாம்பை முகத்துக்குக் கொண்டுபோகவே கூடாது, புண்ணாக்கிவிடும்.

முகத்தில் பல் வரையாதீர்கள். மண்டையோட்டுக்கு உதடு கிடையாது, அதனால் அது எந்நேரமும் இளித்துக்கொண்டே இருக்கிறது. அது இளிப்பதால் கூட்டமும் சிரிக்கிறது. பசித்தவருக்கு உதடு உண்டு, வெடித்த உதடு. பொட்டுக்கும் கன்னத்துக்கும் கண்குழிக்கும் கரி; கன்ன எலும்பின் மேட்டில் மட்டும் லேசாக வெள்ளை.

டியூப் லைட்டை முன்னால் கட்டினால் பள்ளமெல்லாம் நிரவிப் போகும். ஒரே ஒரு விளக்கு, பக்கவாட்டிலிருந்து, தோள் உயரத்தில். நடிகர் குதிக்கக் கூடாது. பசித்த உடம்பு அசைவைச் சேமிக்கும். திரும்புவதற்கு முன் யோசிக்கும். கரிசல் காட்டு வெக்கையில் துணிமேல் துணி இருபது நிமிஷத்துக்கு மேல் தாங்காது. மார்பை இறுக்கிக் கட்டாமல், திரைக்குப் பின்னால் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

2017இல் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் 41 நாட்கள் உட்கார்ந்தார்கள். தற்கொலை செய்துகொண்ட விவசாயிகளுடையவை என்று சொல்லி மண்டையோடுகளை முன்னால் வைத்தார்கள். தாங்கள் செத்தவர்களாக நடிக்கவில்லை, செத்தவர்களை ஏந்திக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளிதான் அதன் பலம். ஆனால் கேமராவின் பசிக்கு ஒரே குறி இரண்டு நாள் தாங்காது. எலி வந்தது, பாம்பு வந்தது, பாதி மீசை மழிப்பு வந்தது. கோரிக்கை பின்னுக்குப் போய்க் காட்சி முன்னுக்கு வந்தது.

இதற்கு நாடகக்காரர்களிடம் ஒரு மாற்று உண்டு. வேஷத்தைக் கலைப்பதையும் மேடையிலேயே செய்யுங்கள். துணியை உரித்து, கரியைத் துடைத்து, உள்ளே இருக்கும் தின்ற உடம்பைக் காட்டுங்கள். தொந்தி தெரிந்தாலும் பரவாயில்லை. இவனுக்கு இது வேஷம், கழற்ற முடிகிறது; கழற்ற முடியாதவர் யார் என்று ஊருக்குத் தெரியும். அப்போது யாராவது சிரித்தால், அந்தச் சிரிப்பு வேறு.