ரயில் கழிவறை ஏன் அடைச்சுக்குது? உள்ளே போன பாட்டிலை எடுப்பது யார்?

ரயிலில் கழிவறைக் கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கிட்டு அடுத்த பெட்டிக்கு நடந்த அனுபவம் நம்மில் நிறைய பேருக்கு இருக்கும். கோப்பை நிறைய தண்ணீர் நிற்கும். ஃபிளஷ் பட்டனை அழுத்தினால் இறங்குவதற்குப் பதிலாக இன்னும் மேலே ஏறும்.

மணப்பாறையில் ஏறி திருச்சியில் இறங்குபவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. முக்கால் மணி நேரம் அடக்கிக்கலாம். ஆனால், அதே ரயிலில் சென்னை வரைக்கும் போகும் வயதானவர், கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி என்ன செய்வார்? ஒரு ஸ்லீப்பர் பெட்டியில் 72 முதல் 80 படுக்கைகள். கழிவறைகள் வெறும் நான்கு. ஒன்று அடைத்துக்கொண்டால் மிச்சம் மூன்று. ராத்திரி டாய்லெட் போகப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வரும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, ஏன் இப்படி அடைக்குது? அடைத்தால் யார், எப்படி எடுக்கிறார்கள்? பார்ப்போம்.

முன்னாடி எப்படி இருந்தது?

90ஸ் கிட்ஸுக்கு ஞாபகம் இருக்கும். பழைய ரயில் கழிவறைக் கோப்பை வழியாகக் குனிந்து பார்த்தால் தண்டவாளம் ஓடுவது தெரியும். கழிவு நேராகத் தண்டவாளத்தில் விழும். "ரயில் நிலையத்தில் நிற்கும்போது கழிவறையைப் பயன்படுத்தாதீர்கள்" என்ற பலகை அதனால்தான்.

அதில் அடைப்புப் பிரச்சினை பெரிதாகக் கிடையாது. பாட்டில் போட்டாலும் கீழே போய்விடும். ஆனால், அதைவிடப் பெரிய பிரச்சினை இருந்தது. தண்டவாளம் துருப்பிடித்தது. பிளாட்பாரம் நாறியது. எல்லாவற்றுக்கும் மேலாக, தண்டவாளத்தில் கிடந்த மலத்தை யாரோ ஒருவர் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. கையால் மலம் அள்ளும் முறைக்குத் தடை விதிக்கும் சட்டம் 2013-ல் வந்தது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும், தண்டவாளங்களில் இந்த முறையை ஒழிக்க ரயில்வே கால வரையறையோடு திட்டம் வகுக்க வேண்டும் என்று சொன்னது.

பயோ டாய்லெட் எப்படி வேலை செய்யுது?

இதற்குத் தீர்வாக வந்ததுதான் பயோ டாய்லெட். ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ, பனிமலைகளில் இருக்கும் வீரர்களுக்காக உருவாக்கிய தொழில்நுட்பம் இது. குளிரில் மலம் மக்காமல் அப்படியே கிடக்கும் என்பதால், அதைச் செரிக்கும் பாக்டீரியாக்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். ரயில்வேயும் டிஆர்டிஓவும் சேர்ந்து, 2011 ஜனவரியில் குவாலியர் - வாரணாசி இடையே ஓடும் பந்தேல்கண்ட் எக்ஸ்பிரஸில் இதை முதலில் பொருத்தினார்கள்.

சிம்பிளா சொன்னா, பெட்டிக்கு அடியில் ஒரு ஸ்டீல் தொட்டி தொங்குகிறது. உள்ளே தடுப்புச் சுவர்கள் வைத்துச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்திருப்பார்கள். காற்று இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா அங்கே இருக்கும். கழிவு ஒவ்வொரு அறையாக நகரும்போது பாக்டீரியா அதைத் தின்று, தண்ணீராகவும் மீத்தேன், கார்பன் டை ஆக்ஸைடு வாயுக்களாகவும் மாற்றும். வாயு காற்றில் கலந்துவிடும். தண்ணீர் குளோரின் வழியாகப் போய்த் தண்டவாளத்தில் சொட்டும்.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு முக்கிய இடம் உண்டு. நாட்டின் முதல் 'பசுமை ரயில் பாதை' நம்ம ராமேஸ்வரம் - மானாமதுரை பாதைதான். 114 கிலோமீட்டர் நீளம். அந்தப் பாதையில் ஓடும் எல்லாப் பெட்டிகளிலும் பயோ டாய்லெட் பொருத்தி, தண்டவாளத்தில் மலம் விழாத பாதையாக 2016 ஜூலையில் அறிவித்தார்கள். இன்றைக்கு நாடு முழுக்க 70,000-க்கும் மேற்பட்ட பெட்டிகளில் 2.5 லட்சத்துக்கும் அதிகமான பயோ டாய்லெட்டுகள் இருக்கின்றன.

அப்புறம் எங்கே அடைக்குது?

கோப்பைக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு வளைந்த குழாய் இருக்கிறது. வீட்டு வாஷ் பேசினுக்கு அடியில் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரி. அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். தொட்டியின் நாற்றம் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். நேராக விழுந்த காலத்தில் இந்த வளைவுக்கு வேலை இல்லை. இப்போது பாட்டில், டீ கப், சானிட்டரி நாப்கின், குழந்தைகளின் டயப்பர், குட்கா பாக்கெட், முறுக்கு வாங்கின கவர் என எது விழுந்தாலும் முதலில் சிக்குவது அங்கேதான்.

தப்பித் தவறி வளைவைத் தாண்டிவிட்டாலும் பிரச்சினை தீராது. பாக்டீரியா மலத்தைத் தின்னும். பிளாஸ்டிக்கைத் தின்னாது. அது தொட்டிக்குள்ளேயே கிடந்து, கழிவு நகரும் வழியை மறைக்கும்.

வீட்டில் அடைத்தால் நாம் ஆசிட் ஊற்றுவோம். இங்கே அதுவும் முடியாது. ஆசிட், பிளீச்சிங் பவுடர் மாதிரியான ரசாயனங்கள் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். பாக்டீரியா செத்தால் அது பயோ டாய்லெட் இல்லை, சக்கரம் வைத்த செப்டிக் டேங்க்.

எத்தனை தடவை அடைக்குது?

சிஏஜி எனப்படும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இதைப் பற்றி ஆய்வு செய்து, 2017 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிக்கை தாக்கல் செய்தார். 2016-17 நிதியாண்டில், சுமார் 25 ஆயிரம் கழிவறைகளில் 1,99,689 குறைபாடுகள் பதிவாகியிருந்தன. அதில் 1,02,792 அடைப்பு மட்டுமே. அதாவது பாதிக்கும் மேல். சராசரியாகப் பார்த்தால் ஒவ்வொரு கழிவறையும் ஒரே வருஷத்தில் நான்கு முறை அடைத்திருக்கிறது. துர்நாற்றம், வால்வு பழுது என மற்ற புகார்கள் எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

இது பழைய கணக்கு. அதன் பிறகு பெட்டிகளும் கழிவறைகளும் பல மடங்கு கூடிவிட்டன. ஆனால் அடைப்புக்கான காரணம் மாறவில்லை.

பயணிகள் மட்டும்தான் காரணமா?

இல்லை. "ஜனங்களுக்குப் பொறுப்பே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவது ஈஸி. ஆனால் அதே சிஏஜி அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது. குப்பைத்தொட்டி இல்லாதது, குவளை இல்லாதது என ஒவ்வொன்றிலும் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறைகள் பதிவாகியிருந்தன. ராத்திரி 2 மணிக்கு நாப்கின் மாற்ற வேண்டிய பெண், கழிவறைக்குள் குப்பைத்தொட்டி இல்லை என்றால் அதை எங்கே போடுவார்? கையில் எடுத்துக்கொண்டு ஆண்கள் நிற்கும் கதவோரம் நடந்து போய்த் தேட வேண்டும். அடைப்புக்குப் பயணியை மட்டும் குற்றம் சொல்லும் முன் இதையும் யோசிக்கணும்.

தொழில்நுட்பம் மேலேயும் கேள்விகள் உண்டு. சென்னை ஐஐடி பேராசிரியர் லிஜி பிலிப் தலைமையிலான ஆய்வு, இந்தத் தொட்டிகளில் கழிவு எதிர்பார்த்த அளவுக்குச் சுத்திகரிக்கப்படவில்லை என்றும், இவை செப்டிக் டேங்கைவிடப் பெரிதாக மேம்பட்டவை இல்லை என்றும் 2017-ல் சொன்னது. ஆக, தொட்டி மாட்டியதோடு வேலை முடியவில்லை. பாக்டீரியா உயிரோடு இருக்கிறதா, வெளியே வரும் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று தொடர்ந்து சோதிக்கவும் வேண்டும்.

அடைப்பை எப்படி எடுக்கிறார்கள்?

ஓடும் ரயிலில் ஒன்றும் பெரிதாகச் செய்ய முடியாது. சுத்தம் செய்யும் பணியாளர் இருக்கும் ரயில் என்றால், அவர் வந்து கோப்பையின் மேல் பக்கம் இருந்து எடுக்க முயற்சி செய்வார். மணப்பாறை மாதிரி ஊரில் ரயில் நிற்பதே ஓரிரு நிமிடம். அதற்குள் எதுவும் நடக்காது.

உண்மையான வேலை, ரயில் பயணம் முடிந்து பராமரிப்பு யார்டுக்குப் போன பிறகுதான். அங்கே தண்டவாளத்துக்கு நடுவில் பள்ளம் இருக்கும். 'பிட் லைன்' என்பார்கள். பணியாளர்கள் அதில் இறங்கி, பெட்டியின் அடிப்பாகத்தைப் பார்ப்பார்கள். தொட்டியோடு ஒரு பால் வால்வு உண்டு. அதைத் திறந்து, சிக்கிய பொருளை வெளியேற்றலாம். அதற்கும் அசையாவிட்டால் உறிஞ்சும் இயந்திரத்தை வைத்துத் தொட்டியையே காலி செய்து, கழுவி, மறுபடியும் பாக்டீரியா கலந்த திரவத்தை ஊற்ற வேண்டும்.

கேட்க ஈஸியாக இருக்கிறது இல்லையா? ஆனால் இயந்திரம் உறிஞ்சுவது திரவத்தைத்தான். வளைவில் நசுங்கி மாட்டிக்கிட்ட பாட்டிலையோ, ஊறி உப்பிப்போன டயப்பரையோ இயந்திரம் உறிஞ்சாது. அதைக் கொக்கி போட்டு இழுக்கணும். கொக்கிக்கும் வரவில்லை என்றால் கடைசியில் ஒரு மனிதரின் கைதான் உள்ளே போகணும்.

இங்கேதான் விஷயம் திரும்பவும் ஆரம்பித்த இடத்துக்கே வருகிறது. மலத்தை மனிதர் தொடக் கூடாது என்றுதான் இந்தத் தொட்டியைக் கொண்டு வந்தார்கள். தண்டவாளத்தில் இருந்து மலம் போய்விட்டது. ஆனால் ஒவ்வொரு அடைப்பும், அதே வேலையைத் தொட்டிக்குள் வைத்து இன்னொரு தூய்மைப் பணியாளரிடம் கொடுக்கிறது.

கேரவனிலும் வந்தே பாரத்திலும் எப்படி?

சினிமா ஷூட்டிங் கேரவனிலும் அடியில் இப்படி ஒரு தொட்டி இருக்கும். ஆனால் அது வெறுமனே சேர்த்து வைக்கும் தொட்டி. பாக்டீரியா செரித்து வெளியே விடும் ஏற்பாடு கிடையாது. நிரம்பினால் குழாய் மாட்டிக் காலி செய்ய வேண்டும். வெளிநாடுகளில் வீடு மாதிரி வேனை ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றுபவர்களுக்கு இந்தத் தொட்டி அடைப்பது பெரிய தலைவலி. அங்கே முக்கியக் காரணம் டாய்லெட் பேப்பரும், தண்ணீரை மிச்சம் பிடிப்பதும். தண்ணீர் குறைந்தால் கழிவு கரையாமல் ஒரே இடத்தில் மேடு கட்டி இறுகிவிடும். நிறைய தண்ணீர் விட்டு, கழிவைக் கரைக்கும் என்சைம் கலந்து, ஒரு நாள் ஊற வைத்தால் பெரும்பாலும் இளகிவிடும்.

நம்ம ரயிலில் அந்த வழி உதவாது. பேப்பர் ஊறினால் கரையும். பாட்டில் எத்தனை நாள் ஊறினாலும் பாட்டில்தான்.

2023 செப்டம்பரில் இருந்து மணப்பாறை வழியாக நிற்காமல் பறக்கும் திருநெல்வேலி - சென்னை வந்தே பாரத்தில் இருப்பது, விமானத்தில் உள்ளது மாதிரியான வேக்குவம் டாய்லெட். காற்றின் அழுத்தத்தால் கழிவை உறிஞ்சித் தொட்டிக்கு அனுப்பும். ஒரு ஃபிளஷுக்குச் சுமார் அரை லிட்டர் தண்ணீர் போதும். பழைய முறையில் 10 லிட்டருக்கு மேல் ஆகும். ஆனால் இதில் குழாய் இன்னும் குறுகலானது. ஒரு நாப்கின் போதும், மொத்தமாக நின்றுவிடும்.

அடைத்திருந்தால் நாம் என்ன செய்யணும்?

* திரும்பத் திரும்ப ஃபிளஷ் பண்ணாதீங்க. தண்ணீர் வழிந்து நடைபாதை வரை வரும். பெட்டியின் தண்ணீரும் தீர்ந்துபோகும்.
* குச்சி, குடைக்கம்பி வைத்துக் குத்தாதீங்க. சிக்கியது இன்னும் உள்ளே போய் இறுகும்.
* 139-க்கு போன் செய்யுங்கள், அல்லது ரயில் மதத் ஆப்பில் புகார் போடுங்கள். பிஎன்ஆர் எண்ணும் பெட்டி எண்ணும் கையில் இருக்கட்டும். முன்பதிவு இல்லாத பெட்டி என்றாலும் டிக்கெட்டில் உள்ள எண்ணை வைத்துப் புகார் செய்யலாம்.
* குப்பைத்தொட்டி இல்லை, நிரம்பி வழிகிறது என்றால் அதையும் தனிப் புகாராகப் போடுங்கள். நாளைய அடைப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.
* நாப்கின், டயப்பர் என்றால் பழைய பேப்பரில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். பயணத்துக்குக் கிளம்பும்போதே பையில் இரண்டு மூன்று பேப்பர் கவர் வைத்துக்கொண்டால் சிக்கல் இல்லை.
* டீ கப்பும் பாட்டிலும் காலியானதும் கழிவறைப் பக்கமே கொண்டு போகாதீங்க. குப்பைத்தொட்டி கிடைக்கவில்லை என்றால் இறங்கும் ஸ்டேஷன் வரை கையிலேயே இருக்கட்டும்.

ரயில்வே செய்ய வேண்டியதும் இருக்கிறது. ஒவ்வொரு கழிவறையிலும் மூடியுள்ள குப்பைத்தொட்டி, நடுவழியில் அதைக் காலி செய்ய ஆள், யார்டில் வேலை செய்பவருக்கு முழங்கை வரை வரும் கையுறை, சரியான கருவிகள். இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்புகள் இல்லை.

அடுத்த தடவை ரயிலில் காலி பாட்டிலோடு கழிவறைப் பக்கம் போகும்போது ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். கீழே போனதும் அது காணாமல் போவதில்லை. நாளைக்கு ஏதோ ஒரு யார்டில், பள்ளத்தில் நிற்கும் ஒருவர் அதை வெளியே எடுக்க வேண்டும்.