களம் குறிக்க வேண்டியவர் யார்? ரஞ்சன்காவிலிருந்து புணே வரை இடம் தேடும் காதலர்கள்

புது தில்லி: "என்னை மணந்துகொள்ளச் சம்மதமா?" என்று கேட்பதற்கு ஏற்ற இடம் எது என்பது இன்று ஒரு வணிகமாகிவிட்டது. மொட்டைமாடி உணவகம், ஏரிக்கரை விடுதி, மெழுகுவத்தி வெளிச்சம், பூ அலங்காரம், மறைந்திருந்து படமெடுக்கும் புகைப்படக்காரர் என எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டணம் சொல்ல ஆள்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டணத்தைச் செலுத்தக்கூடியவர்களுக்கு இடம் ஒரு பிரச்னையே அல்ல. மற்றவர்களுக்கு இடத்தின் அழகு மூன்றாவது கேள்விதான். அங்கே நம்மை யார் பார்ப்பார்கள், அங்கிருந்து எப்படித் திரும்புவது என்பவையே முதல் இரண்டு கேள்விகள்.

மகாராஷ்டிரத்தில் உள்ள ரஞ்சன்காவை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். புணேயிலிருந்து அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்) செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ள ஊர் இது. அஷ்டவிநாயகத் தலங்கள் எட்டில் ஒன்றான மகாகணபதி கோயில் இங்குதான் உள்ளது. திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான் பிள்ளையாரை வணங்கிய இடம் என்பது தல வரலாறு. பிள்ளையாரை மறந்து புறப்பட்டதால் அச்சிறுபாக்கத்தில் தேரின் அச்சு முறிந்த கதையைக் கேட்டு வளர்ந்த தமிழர்களுக்கு இது அன்னியமாகத் தோன்றாது.

கோயிலால் அறியப்பட்ட ஊரின் மற்றொரு முகம், மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் தொழிற்பேட்டை. எல்ஜி, வேர்ல்பூல், ஃபியட் போன்ற நிறுவனங்களின் ஆலைகள் இங்கு இயங்குகின்றன. சொந்த ஊரை விட்டு வேலைக்காக வந்து தங்கியிருக்கும் இளைஞர்களுக்கும் இளம்பெண்களுக்கும் ஆலை, வாடகை அறை, நெடுஞ்சாலையோரத் தேநீர்க் கடை, கோயில் ஆகிய நான்குக்குள் வாழ்க்கை அடங்கிவிடுகிறது. அறையில் சந்தித்தால் வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொல்வார். தேநீர்க் கடையில் சந்தித்தால் மறுநாள் ஆலை முழுவதும் அதே பேச்சாக இருக்கும். எஞ்சுவது கோயில்தான். அங்கே அருகருகே நிற்கும் ஆணையும் பெண்ணையும் யாரும் எதுவும் கேட்பதில்லை. நம் நாட்டில் காவல் துறையும் கலாசாரக் காவலர்களும் சந்தேகத்துடன் பார்க்காத சந்திப்பிடம் ஒன்று உண்டென்றால் அது கோயில் பிரகாரமாகத்தான் இருக்கும். ஆனால், சதுர்த்தி நாளில் வரிசையில் நின்றுகொண்டு வாழ்க்கையின் மிக முக்கியமான கேள்வியைக் கேட்பது கடினம். எனவே, இருவரும் புணே பேருந்தில் ஏற வேண்டியிருக்கிறது.

இலக்கணம் சொல்லும் இடம்

காதலர் சந்திக்கும் இடத்துக்கு இலக்கணம் வகுத்த மொழி தமிழ். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் களவியல் இதைக் 'குறி' என்கிறது. பகற்குறி, இரவுக்குறி என்று இரண்டாகப் பிரிக்கிறது. பகற்குறி மனைக்குப் புறத்தே, அவள் அறிந்து வரக்கூடிய இடத்தில் அமைய வேண்டும். இரவுக்குறியோ வீட்டின் எல்லையைத் தாண்டக் கூடாது. வீட்டாரின் பேச்சு காதில் விழும் தொலைவிலேயே இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விடக் கவனிக்கத்தக்கது, எங்கே சந்திப்பது என்று களம் குறித்துச் சொல்வது தலைவிக்கு உரியது என்று அந்த நூல் வகுத்திருப்பதுதான். தலைவனின் வரம்பை மீறுவது தலைவிக்கு அறமன்று என்பதே அதற்கு அந்த நூல் சொல்லும் காரணம்.

மணம் பேசும் பொறுப்பும் அகப்பாடல்களில் பெரும்பாலும் பெண்கள் பக்கமே இருக்கிறது. களவை நீட்டித்துக்கொண்டே போகும் தலைவனிடம், ஊரார் அலர் தூற்றத் தொடங்கிவிட்டனர், காலம் கடத்தாமல் மணந்துகொள் என்று தோழி வற்புறுத்துவதை 'வரைவு கடாதல்' என்பார்கள். ஆண் மண்டியிட்டு மோதிரம் நீட்டும் காட்சி மேலை நாட்டுத் திரைப்படங்கள் வழியாக நமக்கு வந்தது. அதில் நாளையும் இடத்தையும் முடிவு செய்பவர் ஆண். பெண்ணுக்கு விடப்படுவது வியப்படையும் வேலை மட்டுமே.

இந்த வேறுபாடு புலவர்கள் விவாதத்துக்கு மட்டும் உரியதன்று. இடம் தவறாக அமைந்தால் அதன் விளைவைப் பெருமளவில் சுமப்பவர் பெண் என்பதை இன்றைய புணேயும் காட்டுகிறது.

நகர் சாலை வழியே

ரஞ்சன்காவிலிருந்து வரும் பேருந்து நகர் சாலை வழியாகப் புணேக்குள் நுழையும்போது எதிர்ப்படுவது ஆகா கான் மாளிகை. 1892-ல் கட்டப்பட்டது. 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தின்போது 1942 ஆகஸ்ட் முதல் காந்தியடிகள் இங்கு சிறை வைக்கப்பட்டிருந்தார். அவருடன் இருந்த கஸ்தூர்பா 1944 பிப்ரவரி 22-ல் இங்கேயே காலமானார். அறுபது ஆண்டுகளைத் தாண்டிய இல்லறம் முடிந்த இடம் அது. சமாதிகள் உள்ள தோட்டத்தைக் காதலர்களுக்கு எப்படிப் பரிந்துரைக்கலாம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். தில்லியில் லோதி பூங்காவில் 15-ஆம் நூற்றாண்டு சுல்தான்களின் கல்லறை நிழலில் பல தலைமுறைக் காதலர்கள் பேசித் தீர்த்திருக்கிறார்கள். நுழைவுச்சீட்டு, காவலாளி, பகல் நேரம், விசாலமான மரநிழல் ஆகிய நான்கும் ஒன்றாகக் கிடைக்கும் இடங்கள் நம் நகரங்களில் பெரும்பாலும் நினைவிடங்களாகவே இருப்பதற்குக் காதலர்கள் என்ன செய்வார்கள்?

புணே நகருக்குள் காதலர்களின் இடமென்று பெயர் பெற்றது முட்டா நதியின் மேலுள்ள 'இசட்' பாலம். டெக்கான் பகுதியை நாராயண் பேட்டையுடன் இணைக்கும் இதன் வடிவமே இதற்குப் பெயராயிற்று. இரு சக்கர வாகனங்களுக்கு மட்டுமான பாலம். மாலையானால் ஓரமாக வண்டிகளை நிறுத்தி, அவற்றின் மீதே அமர்ந்து, நதியைப் பார்த்தபடி ஜோடி ஜோடியாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். அழகு என்று பார்த்தால், கோடையில் முட்டா நதியின் நிலை மெச்சத்தக்கதல்ல. ஆயினும், பக்கத்து வண்டியில் இருப்பவரும் அதே காரணத்துக்காக வந்தவர் என்பதால் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்ப்பதில்லை. பூங்காக்களில் கிடைக்காத அந்தத் தனிமையை ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவர் தருகிறது.

குளத்துப் பிள்ளையார் கோயிலைச் சூழ்ந்த சாரஸ் பாக், படி ஏறினால் நகரமே கீழே விரியும் பர்வதி குன்று, ஜப்பானின் ஒகயாமா நகரப் பூங்காவை முன்மாதிரியாகக் கொண்ட பு.ல. தேஷ்பாண்டே பூங்கா ஆகியவையும் உண்டு. இவை குடும்பங்கள் வரும் இடங்கள். குழந்தைகள் பந்தை எறிவார்கள், பாட்டிமார் முறைப்பார்கள். அதிலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது.

மஸ்தானியின் வாசல்

புணேயில் காதல் என்றவுடன் வழிகாட்டிகள் அழைத்துச் செல்லும் இடம் சனிவார் வாடா. பேஷ்வா முதலாம் பாஜிராவ் 1730-ல் அடிக்கல் நாட்டிய கோட்டை அரண்மனை. 1828-ல் பற்றிய தீயில் மாளிகைகள் அழிந்து, இன்று சுற்றுச்சுவரும் வாசல்களும் அடித்தளங்களுமே எஞ்சியுள்ளன. வடக்கு நோக்கிய பிரதான வாசலுக்குத் தில்லி வாசல் என்று பெயர். வடபுறத்திலேயே மற்றொரு வாசல் மஸ்தானியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

புந்தேல்கண்ட் மன்னர் சத்ரசாலின் மகளாகக் கருதப்படும் மஸ்தானியைப் பாஜிராவ் மனைவியாக ஏற்றார். அவரது குடும்பம் ஏற்கவில்லை. பாஜிராவ் போர்க்களத்தில் இருந்தபோது மஸ்தானியைக் குடும்பத்தினர் காவலில் வைத்தனர். 1740 ஏப்ரல் 28-ல் நர்மதைக் கரையில் பாஜிராவ் காய்ச்சலில் இறந்தார். அதே ஆண்டு மஸ்தானியும் இறந்தார். அவரது கல்லறை புணே நகரில் இல்லை. ரஞ்சன்காவ் உள்ள அதே ஷிரூர் வட்டத்தில், பாஜிராவ் அவருக்கு மானியமாக அளித்த பாபல் கிராமத்தில் இருக்கிறது. 2015-ல் வெளியான இந்தித் திரைப்படத்துக்குப் பிறகு மஸ்தானியின் பெயரை அறியாதவர் குறைவு. தொழிற்பேட்டை இளைஞர்கள் காதல் சின்னத்தைத் தேடி 50 கி.மீ. பயணம் செய்கிறார்கள், சின்னமோ அவர்கள் வட்டத்திலேயே கிடக்கிறது.

ஒதுக்குப்புறமும் காவல் துறையும்

அழகான இடம் வேண்டும் என்பவர்கள் நகரை விட்டு வெளியே, மலைப்பாதைகளுக்கும் கோட்டைகளுக்கும் செல்கிறார்கள். 2024 அக்டோபரில் புணேயை அடுத்த போப்தேவ் மலைப்பாதைக்கு இரவில் நண்பருடன் சென்ற 21 வயதுப் பெண்ணை மூவர் கூட்டு வன்கொடுமைக்கு உள்ளாக்கினர். உடன் வந்தவர் தாக்கப்பட்டுக் கட்டிப்போடப்பட்டார். 2025 பிப்ரவரியில் நகரின் நடுவே, சுவார்கேட் பேருந்து நிலையத்தில் நிறுத்தியிருந்த அரசுப் பேருந்துக்குள்ளேயே ஒரு பெண் வன்கொடுமைக்கு உள்ளானார். வீட்டாரின் குரல் கேட்கும் தொலைவைத் தாண்டாதே என்ற பழைய இலக்கணம் வெறும் கவிதை மரபு என்று இதற்குப் பிறகு சொல்ல முடியாது.

ஆள் நடமாட்டமுள்ள இடத்துக்கு வந்தால் வேறொரு தொல்லை. 2005 டிசம்பரில் உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரப் பூங்காவில் அமர்ந்திருந்த ஜோடிகளைத் தொலைக்காட்சிக் கேமராக்கள் முன்னிலையில் காவல் துறையினர் அறைந்து விரட்டினர். குளிர்காலக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்த நாடாளுமன்றத்திலும் கண்டனம் எழுந்தது. காவல் அதிகாரிகள் தாற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். மகாராஷ்டிரமும் விதிவிலக்கல்ல. 2015 ஆகஸ்டில் மும்பை மட் தீவுப் பகுதி விடுதிகளில் புகுந்த காவல் துறை, அறையெடுத்துத் தங்கியிருந்த சுமார் 40 ஜோடிகளை அழைத்துச் சென்றது. பொது இடத்தில் அநாகரிகமாக நடந்துகொண்டதாகப் பலர் மீது வழக்கு. பூட்டிய அறை எப்படிப் பொது இடமாயிற்று என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது.

நீதிமன்றங்கள் இவ்விஷயத்தில் தெளிவாகவே பேசியிருக்கின்றன. துவாரகா பகுதியில் முத்தமிட்டதாக ஓர் இளம் தம்பதி மீது பதிவான வழக்கில், அன்பின் அந்த வெளிப்பாடு ஆபாசக் குற்றமாகும் என்று எண்ணிப் பார்க்கவே இயலவில்லை என்று 2009-ல் தில்லி உயர் நீதிமன்றம் கூறியது. வயதுவந்த இருவர் ஒருவரை ஒருவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளக் குடும்பத்தின் ஒப்புதலோ சமூகத்தின் ஒப்புதலோ தேவையில்லை என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்புகள் பூங்கா வாசலில் லத்தியுடன் நிற்கும் காவலரை எட்ட வெகுகாலம் பிடிக்கும் போலும்.

சட்டமும் அவருக்கு வசதியாகவே இருக்கிறது. பிறருக்குத் தொந்தரவு தரும் வகையில் பொது இடத்தில் ஆபாசச் செயல் புரிவதைத் தண்டிக்கும் பழைய 294-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 296-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. மூன்று மாதம் வரை சிறை, ரூ. 1,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆபாசம் எது, தொந்தரவு எது என்ற விளக்கம் பழையதிலும் இல்லை, புதியதிலும் இல்லை. காலனிக் காலத்துச் சட்டங்களுக்கு விடை கொடுக்கிறோம் என்று அறிவித்து, 2023 டிசம்பரில் 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்ட கூட்டத்தொடரில் நிறைவேறிய மசோதா அது. விவாதத்துக்கு உரிய பிரிவுகள் அதில் ஏராளமாக இருந்தன. பூங்கா இருக்கையைப் பாதிக்கும் பிரிவு அவற்றினூடே சத்தமில்லாமல் கடந்து போயிற்று.

மறுக்கவும் இடம் வேண்டும்

அண்மைக் காலத்தில் பரவியுள்ள மற்றொரு பழக்கத்தையும் இங்கு சொல்லியாக வேண்டும். வணிக வளாகத்திலோ, விளையாட்டரங்கிலோ, கல்லூரி விழாவிலோ திடீரென மண்டியிட்டுக் கேட்பது. சுற்றியிருப்பவர்கள் கைதட்டி, செல்போனில் படமெடுத்துப் பரப்புவது. பார்ப்பவர்களுக்கு இனிமையாக இருக்கலாம். நூறு பேர் சூழ்ந்து நின்று "சரி என்று சொல்" என ஆரவாரம் செய்யும்போது அந்தப் பெண்ணால் "யோசித்துச் சொல்கிறேன்" என்றுகூடச் சொல்ல முடியாது. ஆளரவமற்ற மலை உச்சியில் கேட்டாலும் இதே நிலைதான். ஓட்டி வந்த வண்டி அவனுடையது. மறுத்துவிட்டு அவள் எதில் திரும்புவாள்?

ஆக, இடத்தை மதிப்பிட இந்தச் செய்தியாளர் அறிந்த அளவுகோல் ஒன்றே. மறுத்துவிட்டுத் தனியாக எழுந்து நடந்து, பத்து நிமிடத்தில் பேருந்து ஏறக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் போப்தேவ் மலையைவிடச் சாரஸ் பாக் மேல். நட்சத்திர விடுதியின் மொட்டைமாடியைவிட இசட் பாலத்தின் கைப்பிடிச் சுவர் மேல். எந்த இடம் என்பதை அவளிடமே முன்கூட்டிக் கேட்டுவிட்டால் வியப்பு குறையும்தான். ஆனால், எந்தச் சாலையில் விளக்கு எரியும், எந்தப் பேருந்தில் கூட்டம் இருக்கும், எங்கே தெரிந்தவர் தட்டுப்படமாட்டார் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

ரஞ்சன்காவ் அடங்கியுள்ள மக்களவைத் தொகுதி ஷிரூர். ஒவ்வொரு மக்களவை உறுப்பினருக்கும் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு ரூ. 5 கோடி ஒதுக்கப்படுகிறது. தெருவிளக்கு, பேருந்து நிழற்குடை, பொதுக் கழிப்பறை போன்ற பணிகளுக்கு அதில் செலவிட விதிகள் இடம் தருகின்றன. கோயிலுக்குச் சமூகக்கூடமும் ஊருக்கு வளைவும் கேட்டு உறுப்பினர்களிடம் மனு கொடுப்பவர்கள் உண்டு. வேலை முடிந்து வரும் இருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச, விளக்கெரியும் ஓர் இடம் வேண்டும் என்று மனு கொடுக்க யார் வருவார்கள்? அதுவரை ரஞ்சன்காவின் இளைஞர்கள் வார விடுமுறை நாளில் மகாகணபதியைக் கும்பிட்டுவிட்டு, நெடுஞ்சாலையோரத்தில் சற்று விலகி விலகி நின்று, புணே பேருந்துக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.