மூக்கு அறுவை சிகிச்சை: வீக்கம் வடியும் வரை

மூன்றாம் நாள் முகம்

மூக்கின் நடுச்சுவர் வளைவை மட்டும் நேராக்கினால் வீக்கம் பெரும்பாலும் உள்ளேதான். சளி பிடித்ததுபோல் மூக்கு அடைத்துக் கிடக்கும். எலும்பை வெட்டி வடிவத்தைத் திருத்தினாலோ கண்ணைச் சுற்றியும் வீங்கிக் கறுத்துவிடும். இரண்டாம், மூன்றாம் நாளில் இது உச்சத்துக்குப் போகும். கண்ணாடியைப் பார்த்துப் பயப்படுவதும் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வதும் அப்போதுதான். காயம்பட்ட இடத்துக்கு ரத்தமும் நீரும் பாய்வது ஆறுவதன் முதல் படி. அதை மருந்தால் விரட்டிவிட முடியாது, மோசமாக்காமல் இருக்கத்தான் முடியும். அறுவை சிகிச்சையின்போது கொடுக்கும் ஸ்டீராய்டுகூட முதல் ஓரிரு நாள் வீக்கத்தைக் குறைப்பதாகத்தான் ஆய்வுகளில் தெரிகிறது.

ஐஸ் வைத்தால் சளி பிடிக்காதா?

வீட்டுப் பெரியவர்களின் முதல் ஆட்சேபம் இதுதான். சளியைக் கொண்டுவருவது வைரஸ். கன்னத்தில் வைக்கும் குளிர்ச்சி ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, அவ்வளவே. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, முதல் இரண்டு நாள், பத்து பதினைந்து நிமிடம் ஒற்றிவிட்டு இடைவெளி விட வேண்டும். ஒற்ற வேண்டிய இடம் கன்னமும் கண்ணோரமும். மூக்கின்மேலோ கட்டின்மேலோ அழுத்தவே கூடாது. மாறாக, அடைப்பு விடட்டும் என்று ஆவி பிடித்தால் குழாய்கள் விரிந்து ரத்தம் கசியலாம். சித்திரை வெயிலில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நிற்பதும் அதே வேலையைச் செய்யும். பாயில் தட்டையாகப் படுத்தால் காலையில் வீக்கம் கூடியிருக்கும். இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திக்கொள்ளுங்கள். மூக்கைச் சிந்தாதீர்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். குனிந்து குடம் தூக்கும் வேலையும் மூக்கில் உட்காரும் கண்ணாடியும் டாக்டர் சொல்லும் வரை வேண்டாம். கருவாடு, அப்பளம், ஊறுகாய் ஆகியவற்றின் உப்பைக் குறைக்கச் சொல்வதற்கு ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை. ஆனாலும் சில நாள் தவிர்ப்பதில் நஷ்டமில்லை. சீரகசம்பா பிரியாணி எங்கும் ஓடிப்போகாது! மெடிக்கலில் நீங்களாக வலி மாத்திரை வாங்குவதில்தான் உண்மையான ஆபத்து: ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் இரண்டும் ரத்தக் கசிவைக் கூட்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

ஒரு வருடம் என்பது சாக்கா?

கட்டு ஒரு வாரத்தில் பிரிக்கப்படும். வெளியே தெரியும் வீக்கத்தின் பெரும்பகுதி இரண்டு மூன்று வாரத்தில் வடியும். முழு வடிவம் தெரிய ஒரு வருடம் ஆகும் என்றால், தன் தவறை மறைக்க டாக்டர் நாள் கடத்துகிறார் என்ற சந்தேகம் எழுவது நியாயமே. ஆனால் அறுவை சிகிச்சையில் நிணநீர்க் குழாய்களும் அறுபடுகின்றன. அவை மறுபடி உருவாகும் வரை நீர் தேங்கும். மூக்கு நுனியில் அது கடைசியாக வடிகிறது, தோல் தடித்தவர்களுக்கு இன்னும் மெதுவாக. மறு அறுவை சிகிச்சையை ஒரு வருடம் தள்ளிப்போடச் சொல்வது இதனால்தான்.

பொறுக்கக் கூடாத வீக்கமும் உண்டு. இரு பக்கமும் திடீரென முழுதாக அடைத்து வலி ஏறினால் நடுச்சுவரில் ரத்தம் கட்டியிருக்கலாம். உடனே வெளியேற்றாவிட்டால் குருத்தெலும்பே அழிந்துவிடும். காய்ச்சல், சீழ், நிற்காத ரத்தம், பார்வை மங்கல், மூக்கிலிருந்து தண்ணீர்போல் தெளிந்த திரவம் சொட்டுவது ஆகியவையும் பொறுக்கக் கூடாதவையே. திண்டுக்கல்லில் இருப்பவர்கள், அறுவை சிகிச்சை மதுரையில் நடந்திருந்தாலும், ராத்திரி நேரத்தில் அங்கே போகத்தான் வேண்டுமென்று காத்திருக்காதீர்கள். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி திண்டுக்கல்லிலேயே இருக்கிறது. அதன் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், என்ன அறுவை சிகிச்சை, எந்தத் தேதி என்று டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டுங்கள்.