அடுப்படி விளக்கை எங்கே மாட்டுவது?

அரியலூர், பெரம்பலூர் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில், அடுப்படிச் சுவரில் மாடக்குழி இருக்கும். அதில் சிம்னி விளக்கு எரியும். வெளிச்சம் என்னவோ மங்கல்தான். ஆனால் அது சமைப்பவரின் முகத்துக்கு எதிரே இருந்தது.

மின்சாரம் வந்தது. விளக்கு நடுக்கூரைக்குப் போய்விட்டது. அடுப்போ சுவர் ஓரம். வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. பல்பு எவ்வளவு பெரியதாக இருந்தால் என்ன? சமைப்பவரின் நிழல் குழம்புச் சட்டியின் மேலேயே விழுகிறது!

செட்டிகுளம் வட்டாரம் சின்ன வெங்காயத்துக்குப் பேர் போனது. அந்தப் பொடி வெங்காயத்தை நிழலில் வைத்து அரிந்தால் விரல் என்ன ஆகும்? கம்போடு கலந்த கல் கண்ணில் படுமா? சேலைத் தலைப்பு தீயை நெருங்குவதும் தெரியாது.

இடம்தான் முக்கியம்

அடுப்பை ஒட்டிய சுவரில், தலைக்கு மேல் உயரத்தில், சற்று இடப்பக்கமாக ஒரு விளக்கு மாட்டுங்கள். கத்தி பிடித்த வலக்கையின் நிழல் காயை மறைக்காது. (இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வலப்பக்கம்.) சட்டிக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம். ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் பல்பில் படியும். மழைக்காலத்தில் ஈசல் ரசத்தில் குதிக்கும்!

எந்த பல்பு?

பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. பல்பே தந்துவிடும். தினம் 5 மணி நேரம் எரித்தால், 60 நாளில் குண்டு பல்புக்கு 18 யூனிட் ஆகும். எல்.இ.டி.க்கு 3 யூனிட்கூட ஆகாது. தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் 2016 முதல் இலவசம். அந்த நூறுக்குள் காலம் தள்ளும் குடும்பத்துக்கு 15 யூனிட் சின்ன விஷயமா?

வாங்கும்போது பெட்டியில் 'லூமன்' எண்ணைப் பாருங்கள். வாட் என்பது செலவு; லூமன் என்பது வெளிச்சம். சிறிய அடுப்படிக்கு 800 லூமன் தாராளம். மஞ்சள் சாயல் உள்ள பல்புக்குப் பூச்சிகள் குறைவாகவே வரும்.

சுவிச்சு, ஜாக்கிரதை!

இரவில் அடுப்படியில் கேஸ் வாடை அடித்தால் சுவிச்சைத் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். உள்ளே எழும் சிறு பொறியே தீப்பற்றப் போதும். கதவு, சன்னல்களைத் திறந்து, சிலிண்டரை மூடுங்கள். வெளியே போய் 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோரம் தேங்கி நிற்கும். அது முழுவதும் வெளியேறிய பிறகுதான் விளக்கு.